மூன்று நாள் விருந்தாளிகள்

என் கணவர் ஓமனில் ஒரு கடற்கரை ஓட்டலில் வேலை செய்கிறார். பதினைந்து வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். முதல் லீவு அவருடைய தங்கை கல்யாணத்தில் போனது. அடுத்ததில் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் வாங்கிப் போட்டிருந்த மனையில் கடைக்கால் எடுத்தோம். அதற்கடுத்ததில் மாடி எழும்பியது. பிறகு என் மாமனார் படுக்கையில் இருந்தார், அந்த லீவு ஆஸ்பத்திரியில் கழிந்தது. கொரோனா வந்தபோது மூன்று வருடம் முகமே பார்க்கவில்லை. போன வருடம் அவர் வந்திருந்தபோதுதான் நாங்கள் இருவர் மட்டும் ஓர் இடத்துக்குப் போய்த் தங்கினோம். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்டது நான். நான் அடி அண்ணாமலையில் பிறந்தவள். எங்கே திரும்பினாலும் மலைதான். கடலை அதற்கு முன் இரண்டே முறை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப் போனார்கள், வரிசையில் நிற்க வைத்து எண்ணிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு தடவை பாண்டிச்சேரிக்கு ஒருவரைப் பார்க்கப் போனபோது, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பத்து நிமிடம். ஆனால் பத்து வருடமாகத் தினமும் காலையில் என் கைப்பேசிக்குக் கடல் வந்துகொண்டிருந்தது. அவர் வேலைக்கு இடையில் சமையலறையின் பின்கதவில் நின்று எடுத்து அனுப்பும் படம். ஓரத்தில் கேஸ் சிலிண்டர்கள், ஒரு குப்பைத் தொட்டி, அதற்கு அப்பால் நீலமாக ஒரு துண்டு. குட்மார்னிங் என்றுகூட எழுத மாட்டார். அந்தப் படம்தான் குட்மார்னிங். நானும் தோசை ஊற்றிக்கொண்டே பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களுக்குக் காலை டிபன் நான்தான் செய்து கொடுக்கிறேன். காரம் கம்மியாக, எண்ணெய் கம்மியாக.

மகள் வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட் இருக்கிறது என்று அவள்தான் தேடிச் சொன்னாள். மூன்று நாள், இரண்டு ராத்திரி. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, டீ, பலகாரம், படகுச் சவாரி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். உள்ளே போய்விட்டால் எதற்கும் பர்ஸைத் திறக்க வேண்டாம். "அப்பாகிட்ட கேக்காதம்மா, வேணாம்னுதான் சொல்லுவாரு" என்றாள். அதனால் பதிவு செய்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன்.

"அங்கயும் கடல்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. உங்களுக்கு அது வேலை செய்கிற இடம், எனக்கு அது நான் பார்க்காத இடம் என்று சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டு, சரி போலாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. சனிக்கிழமை பௌர்ணமி கிரிவலம். இரண்டும் சேர்ந்து வந்தால் எங்கள் ஊரில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். தெருவில் பைக் எடுக்கக்கூட இடம் இருக்காது. அதனால் விடியற்காலையிலேயே வாடகைக் காரில் கிளம்பினோம். உள்ளே வருகிற வண்டிகள் எல்லாம் எதிரே வர, நாங்கள் மட்டும் வெளியே போனோம்.

அவர் டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து வருகிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் உட்காருவார், அந்தப் பழக்கம். நான் பின்னால் பைகளோடு உட்கார்ந்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியும் மலை பின்கண்ணாடியில் தெரிந்தது. செஞ்சி வரைக்கும் அவர் டிரைவரிடம் டீசல் விலையும் சுங்கச்சாவடியும் பேசினார். செஞ்சியில் டீ குடிக்க இறங்கி, மறுபடி ஏறும்போது, "பின்னால வாங்களேன்" என்றேன். "ஆமா இல்ல" என்று வந்து உட்கார்ந்தார். பிறகு திண்டிவனம் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. அது கோபம் இல்லை. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் என்றால் கரண்ட் பில், மகளின் பீஸ், மோட்டார் ரிப்பேர் என்று ஏதாவது இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் மோட்டாரைப் பற்றி என்ன சொல்வது? மரக்காணத்தில் உப்பளங்கள் வந்தபோது அவர்தான் ஜன்னல் பக்கம் கை காட்டினார். உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருந்தார்கள். வெயிலில் பாத்தியெல்லாம் கண்ணைக் கூச வைத்தது.

ரிசார்ட்டில் மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைக் கட்டிவிட்டார்கள். இது இருந்தால் போதும், என்ன வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். ஒருவர் தட்டில் இளநீர் கொண்டுவந்து நீட்டினார். என் கணவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எழுந்து, இரண்டு கையாலும் தட்டையே வாங்கப் போனார். கொண்டுவந்தவர் குழம்பிப் போய், "சார், நீங்க கிளாஸ் மட்டும் எடுத்துக்கங்க" என்றார். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் பார்க்காத மாதிரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அறை நன்றாக இருந்தது. பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, திரையை விலக்கினால் சவுக்கு மரங்களுக்கு இடையே கடல். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். அவர் விரிப்பின் மூலையைத் தூக்கி அது எப்படி மடித்துச் செருகியிருக்கிறது என்று பார்த்தார். குளியலறையில் துண்டுகளை எண்ணினார். மத்தியானம் சாப்பிடப் போனபோது நான் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில்கூட அத்தனை வகை பார்த்ததில்லை. அவர் பின்னாலேயே வந்து, இது காலையில் மிஞ்சிய இட்லி, தாளித்திருக்கிறார்கள், இந்தக் கோழி ராத்திரி வேறு பெயரில் வரும் பார் என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் சிரித்தேன். பிறகு எனக்கு அலுத்துவிட்டது. அவர் ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவுமிடம் எங்கே என்று தேடினார். "வெச்சிட்டு வாங்க, அவங்க எடுப்பாங்க" என்றேன். வைத்தார், ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நீச்சல் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். என்னிடம் வேறு துணி ஏது? கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டேன். பக்கத்தில் அவரும் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரில் எங்களைவிடப் பத்து வயது சின்ன ஜோடி ஒன்று, அந்தப் பெண் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்படிச் சாய வேண்டும் போலிருந்தது. வெட்கம் இல்லை, நாற்பத்து மூன்று வயதில் என்ன வெட்கம். சாய்ந்தால் அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை, அதுதான். அந்த ராத்திரி அவ்வளவு பெரிய கட்டிலில் அவர் ஓரமாக, சுவரைப் பார்த்து, கையைக் காலை இடுக்கிக்கொண்டு படுத்திருந்தார். ஓமனில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் மேலடுக்குக் கட்டிலில் படுக்கிறவர். அந்த அகலத்துக்கு மேல் அவருடைய உடம்புக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். ஒரு மூலையில் முட்டை போடுவதற்கென்று தனி மேடை, இரண்டு அடுப்பு. அங்கே நாற்பது வயதுக்கு மேலான ஒல்லியான மாஸ்டர் ஒருவர் தனியாக நின்று போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் பதினைந்து பேர் தட்டோடு நின்றார்கள். நாங்கள் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவர் எட்டி எதையோ எடுக்கப் போய் வாணலியின் கைப்பிடியில் இடித்துவிட்டார். சூடான எண்ணெய் மாஸ்டரின் மணிக்கட்டில் கொட்டியது. அவர் கத்தவில்லை. கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். வரிசை அப்படியே நின்றது.

என் கணவர் டீயைக் கீழே வைத்தார். "ஒரு நிமிசம் இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கை வெந்தவருக்கு ஏதாவது செய்யப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் அதைத்தான் செய்தார். கையைக் குழாய்த் தண்ணீரிலேயே வைத்திருக்கச் சொன்னார். பிறகு கறுப்புக் கோட்டு போட்ட மேற்பார்வையாளரிடம் போய்ப் பேசினார். அந்த ஆள், சார் நீங்கள் கெஸ்ட், அதெல்லாம் கூடாது என்று தலையை ஆட்டுவது தெரிந்தது. இவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். பிறகு எனக்குத் தெரியவந்தது, பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை, வேறு ஆள் வருகிற வரைக்கும் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். ஏப்ரனும் தொப்பியும் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றார்.

எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். பதினான்கு வருடத்தில் நான் கேட்டது மூன்று நாள். அதில் ஒரு நாள் ஏற்கெனவே துண்டு எண்ணுவதில் போய்விட்டது. இப்போது முன்பின் தெரியாதவர்களுக்கு முட்டை போடப் போய்விட்டார். என் தட்டில் இருந்த பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. எதிரில் காலி நாற்காலி. எழுந்து அறைக்குப் போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் கைக்கு ஒன்றாக இரண்டு முட்டையை ஒரே நேரத்தில் உடைத்தார். ஓடு ஒரு பக்கம் விழுந்தது, முட்டை ஒரு பக்கம் விழுந்தது, கண் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு வாணலியில் ஆம்லெட் மடிந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றில் வெங்காயம் விழுந்தது. ஒரு பெண்மணியிடம் இந்தியில் ஏதோ கேட்டார், அவர் பதில் சொல்லிச் சிரித்தார். இவர் இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு சின்னக் குழந்தை வெள்ளைக்கரு மட்டும் போதும் என்று அடம் பிடித்தது. இவர் குனிந்து அதன் தட்டில் வைத்து, நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார். முகம் முழுவதும் வெளிச்சமாக இருந்தது. தோள் நிமிர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாளாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆள் இல்லை அது.

இந்த முகத்தைத் தினமும் காலையில் யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவர்கள். பெயர்கூடத் தெரியாதவர்கள். எனக்கு அனுப்பியதெல்லாம் பின்கதவிலிருந்து எடுத்த கடல்.

நான் பையை வைத்துவிட்டு, ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்தபோதுகூட எனக்கு அப்படி இல்லை. என் முறை வந்தபோது அவர் வாணலியைத் துடைத்துக்கொண்டே, பழக்கத்தில் ஆங்கிலத்தில் எப்படி வேண்டும் என்று கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"உனக்கு எப்படிப் போடட்டும்?" என்றார்.

மாடியில் தங்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எது பிடிக்கும், எது ஆகாது என்று எனக்கு மனப்பாடம். என்னை யாரும் கேட்டதில்லை. "எல்லாருக்கும் போடற மாதிரியே போடுங்க" என்றேன்.

"அப்படி யாருக்கும் போடறதில்ல. அவங்கவங்க சொல்லணும்."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு ஜாஸ்தி, நன்றாகச் சிவக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அதுதான் பிடிக்கும் என்று தெரிந்தது. அவர் தலையாட்டினார். எல்லாருக்கும் எடுத்துக்கொண்ட அதே நேரத்தைத்தான் எனக்கும் எடுத்துக்கொண்டார், ஒரு நொடிகூட ஜாஸ்தி இல்லை. தட்டில் வைத்தார். நான் மேசைக்கு எடுத்துப் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு வேறு ஒருவரை வரவழைத்தார்கள். இவர் அறைக்கு வந்தபோது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர் உடம்பெல்லாம் எண்ணெய் வாடை. கோச்சுக்கிட்டியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்க அங்க நின்னீங்க பாருங்க, அந்த ஆளு எனக்கு வேணும்" என்றேன். "நம்ம வீட்டுக்கு அந்த ஆளு வர்றதே இல்ல. வேற யாரோ வந்துட்டுப் போறாரு."

அவர் தொப்பி இருந்த இடத்தில் தலையைத் தடவிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அங்க காலைல ஆறு மணிக்கு எனக்கு இன்னா வேலைன்னு தெரியும். உப்பு எங்க, கரண்டி எங்க, எல்லாம் கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். நம்ம வீட்டுல லைட் சுவிட்ச் எதுன்னு தெரியல. தண்ணி வேணும்னாலும் உன்னத்தான் கேக்கறேன். நீ தட்டுல போட்டுக் கொண்டாந்து வெக்கற, நல்லா கவனிச்சுக்கற. மாடில இருக்கறவங்களுக்கும் அப்படித்தான் வெக்கற. எனக்கும் அப்படித்தான் வெக்கற."

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதனால்தான் எனக்கு வலித்தது.

நானும் உண்மையைச் சொன்னேன். இரண்டு வருடம் ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டு காத்திருக்கிறேன், வந்து இறங்கியதும் உங்களை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிவதில்லை என்றேன். மத்தியானம் நான் தலை சாய்க்கிற இடத்தில் உங்கள் பெட்டி இருக்கிறது, நான் அடுப்படியில் நிற்கும்போது பின்னால் வந்து நின்றால் திடுக்கென்கிறது, ஒரு நாள், நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எப்போது வீடு பழையபடி ஆகும் என்றுகூட நினைத்துவிட்டேன் என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படி நினைத்த அன்றைக்கே, நீங்கள் குளித்துவிட்டுப் போட்ட ஈரத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சாய்ந்தேன். எண்ணெய், வெங்காயம், சோப்பு எல்லாம் கலந்த வாடை. அவர் கையை என் முதுகில் வைத்தார், முதலில் தயங்கி, பிறகு அழுத்தி. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் போகவில்லை. மூன்று மணி வாக்கில் கதவைத் தட்டி, நன்றி என்று எழுதிய ஒரு சின்ன கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பசி தாங்காமல் அதை இரண்டு பேரும் ஒரே கரண்டியில் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடலுக்குப் போனோம். பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கரையில் மீன்பிடி வலையைப் பிரித்துக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள், மற்றபடி யாரும் இல்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் வரை இறங்கினேன். அவர் மணலிலேயே நின்றார்.

வாங்க என்றேன். தினமும் பார்க்கிற கடல்தானே, அங்கே இறங்குவீர்கள்தானே என்று கேட்டேன். இறங்கியதே இல்லை என்றார். அது கெஸ்ட்டுக்கான கடற்கரை, வேலை செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. தங்குமிடம் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கிறது, பஸ்ஸில் கொண்டுவந்து விட்டு, பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். லீவு நாளில் துணி துவைக்கவும் தூங்கவும்தான் நேரம் இருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார். இத்தனை வருடமாக அவர் அனுப்பிய படங்களைப் பார்த்து, பாவி மனுஷன் கடலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு இருக்கிறார், நான் இங்கே வெயிலில் வேகிறேன் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு வந்தார். முழங்கால் அளவு போனோம். பிறகு இடுப்பளவு. ஓர் அலை வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டுப் போனது. என் புடவை கல்லாகக் கனத்தது. அவர் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே சிரித்தார். நேற்று மேடைக்குப் பின்னால் பார்த்த அதே முகம். பக்கத்தில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த அலை வருவதைக் கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது பௌர்ணமிக் கூட்டம் கலைந்திருந்தது. கிரிவலப் பாதை ஓரமெல்லாம் தண்ணீர் பாட்டில்களும் பாக்குமட்டைத் தட்டுகளும் கிடந்தன. துப்புரவுப் பணியாளர்கள் குவித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு மாதத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படிக்குள் வந்தார். நான் முதலில் நாலு தடவை வேண்டாம் என்றேன், பிறகு விட்டுவிட்டேன். பருப்பு டப்பா எது, உளுந்து டப்பா எது என்று கேட்டுக்கொண்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டு, மாடியில் இருந்த பிரெஞ்சுக்கார அம்மாவுக்கு ஒரு நாள் காலை டிபன் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டோம். ஒரு நாள் சண்டைகூட வந்தது, தாளிக்கிற எண்ணெய் எவ்வளவு என்று. எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

போக வேண்டாம் என்று நான் கேட்டேன். ஒரே ஒரு தடவை, நேராகவே கேட்டேன். மகள் படிப்பு முடியட்டும், இந்த ஒரு காண்ட்ராக்ட் மட்டும் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். போன தடவையும் அதைத்தான் சொன்னார். போன தடவை நான் அதை நம்பினேனா என்று யோசித்துப் பார்த்தேன். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை, கவலைப்படாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடவை அப்படி இருக்க முடியவில்லை. விமான நிலையத்தில் அவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, முந்தைய தடவைகளில் வராத ஒரு வலி வந்தது. அப்போதெல்லாம் ஒரு கணவர் போனார். இப்போது எனக்குத் தெரிந்த ஓர் ஆள் போனார்.

பதினான்கு மாதமாகிறது. இப்போது அவர் படம் அனுப்புவதில்லை. வேலை முடிந்ததும் கூப்பிடுகிறார், இங்கே மத்தியானம் பன்னிரண்டரை மணி இருக்கும். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று சொல்கிறார். எட்டு நாளாக வேக வைத்த முட்டை மட்டுமே சாப்பிட்ட ஓர் ஆள், தினமும் கணவனுக்கும் சேர்த்து வாங்கிப் போகிற ஒரு கிழவி. நான் மாடியில் இருக்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். கரண்ட் பில்லைப் பற்றிக் கடைசியில்தான் பேசுகிறோம், சில நாள் மறந்தும் போகிறோம். இப்படிப் பேசினால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. முன்பெல்லாம் எதை இழந்திருக்கிறேன் என்று தெரியாமல் ஏங்கினேன். இப்போது தெரிந்து ஏங்குகிறேன், அது ஜாஸ்தியாக இருக்கிறது.

போன வாரம் கூப்பிட்டபோது, அடுத்த லீவில் எங்கே போகலாம், நீயே சொல்லு என்று கேட்டார். மலைப்பக்கம் போகலாமா, மறுபடி கடலா என்று அவரே அடுக்கினார்.

"எங்கயும் வேணாங்க" என்றேன். "வந்து வீட்டுல இருங்க. திரும்பிப் போகாம."

அந்தப் பக்கம் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் எதையோ கேட்டார்கள். பிறகு "சரி" என்றார். என்ன சரி என்று நான் கேட்கவில்லை. அது காதில் வாங்கிக்கொண்டேன் என்கிற சரியா, வருகிறேன் என்கிற சரியா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். காண்ட்ராக்ட் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது.